கையில் பையோடு நிறுத்தப்பட்டவர்

1

ஆகஸ்ட் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. என் மகள் பொய் சொல்கிறாள் என்று நேற்று ஓர் அலுவலகக் கூட்டத்தில் முடிவு கட்டியிருக்கிறார்கள். என் குறை இதுதான். இந்தக் கதை பிறந்ததற்கு இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. உண்டு என்று பின்னால் எங்காவது நான் எழுதினால் நம்பாதீர்கள்.

"பொய்" என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். படித்தவர்கள் அல்லவா? "உங்க மேசையில மட்டும்தான் வருது" என்றார்களாம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பரீட்சை நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிற பையனிடம் என்ன தொனியில் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே தொனி.

கதைக்குள் நுழையுமுன் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. நோயாளியின் கட்டிலருகே வைக்கும் கண்காணிப்புக் கருவிகளைச் செய்யும் நிறுவனத்தில் என் மகள் வேலை பார்க்கிறாள். இதயத் துடிப்பையும் மூச்சையும் அந்தக் கருவி திரையில் காட்டும், குறைந்தால் கூவும். அதன் உள்ளே மூளையாக ஆர்ம் வகைச் செயலி ஒன்று இருக்கிறது. அந்தச் செயலிக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கோர்கள் இரண்டு. [முதலில் "உட்கரு" என்று எழுதியிருந்தேன். "அப்பா, இது உயிரியல் பாடம் இல்ல" என்றாள் மகள். ஆகவே கோர்.] இரண்டு கோர்களையும் கட்டி மேய்ப்பது லினக்ஸ் அமைப்பின் மையப் பகுதியான கெர்னல்.

இந்தக் கருவியை ரீபூட் செய்தால், அதாவது ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொன்னால், சில வேளைகளில் அது நிற்கிறது, தொடங்குவதில்லை. "மறுபடி தொடங்குகிறது" என்ற வரி மட்டும் திரையில் தங்கிவிடுகிறது. நிகழ்காலமாம்! வெற்றுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு "எழுதிக்கிட்டே இருக்கேன் ஐயா" என்ற மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் கருவிக்கு மறுபடி உயிர் வரும். அதுவரை கட்டிலில் படுத்திருப்பவரின் மூச்சைக் கவனிக்க ஒன்றும் இருக்காது.

இது என் மகளின் மேசையில் மட்டுமே நிகழ்கிறது. மற்றவர் மேசைகளில் நிகழ்வதில்லை. அவள் மேசையிலேயேகூட, கோர்களுக்குள் எட்டிப் பார்க்க உதவும் பெட்டி ஒன்றைக் கருவியோடு பொருத்தினால், கோளாறு ஒளிந்துகொள்கிறது. பெட்டியைக் கழற்றினால் மறுபடி தலைகாட்டுகிறது. பார்க்கும்போது ஒழுங்காக இருந்து, பார்க்காதபோது குறும்பு செய்வதை நான் எப்போதும் நம்பியதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை கருவிகள் மருத்துவமனைகளுக்குப் புறப்படுகின்றன. அதற்குள் அவள் கோளாறை எல்லோர் கண்முன்னும் காட்ட வேண்டும். முடியாவிட்டால் "கோளாறு இல்லை" என்று கையெழுத்திட்டுவிட்டு அந்தக் குழுவிலிருந்து விலக வேண்டும். கதையில் பணயமாக வைக்கப்பட்டிருப்பது இவ்வளவுதான்: ஒருத்தியின் சொல்லும், முகம் தெரியாத சிலரின் மூச்சும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது." [அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. கதை எழுதுகிறவர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் மழையைக் கூப்பிடுகிறார்கள் என்பதை யாராவது விசாரிக்க வேண்டும்.]

தொடக்கம், இரண்டாம் முயற்சி: "இரண்டாம் கோர் ஒரு சோம்பேறி." [அடித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். "செகண்ட் கோர் தொங்கிப் போச்சு" என்கிறார்கள். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிக்காது.]

தொடக்கம், மூன்றாம் முயற்சி. இதை அடிக்கவில்லை:

கூட்ட அறையின் சன்னல்கள் திறக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. நீள்மேசையின் தலைமாட்டில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் "முடிச்சிடலாம்" என்பதால், அவர் இல்லாதபோது அவரை அப்பெயராலேயே குறிப்பிடுவார்கள். அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தவர் ஒட்டகம். எந்நேரமும் முதுகில் ஒரு பை மேடிட்டிருப்பதால் வந்த பட்டப்பெயர். கருவியின் மின்சாரத்தை மேற்பார்க்கும் சிறு சில்லுக்கு (அவர்கள் வழக்கில் பவர் சிப்) நிரல் எழுதியவர் அவர். என் மகளுக்கு அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே நண்பரும் அவரே. "இருந்த" என்று நான் இறந்தகாலத்தில் எழுதுவதைக் கவனிக்கவும்.

ஒட்டகம் எழுந்து வந்து கருவியை மேசை நடுவில் வைத்தார். வயர்களைப் பொருத்திக்கொடுத்தார்.

"எங்க, அந்த அதிசயத்தைக் காட்டுங்க" என்றார் மேலாளர்.

என் மகள் ரீபூட் செய்தாள். கருவி நின்றது, தொடங்கியது. மறுபடி செய்தாள். மறுபடியும் நல்ல பிள்ளையாகத் தொடங்கியது. எத்தனை முறை செய்தாலும் அதே கதை.

"அது உங்க மேசையைப் பார்த்தாதான் மக்கர் பண்ணும் போல" என்றார் ஒருவர்.

"மேசைக்கு அடியில பாருங்க. பேய் ஏதாவது வாடகைக்கு இருக்கும்" என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். மகள் ஒட்டகத்தின் பக்கம் திரும்பினாள். "நீ பார்த்தியேடா, போன வாரம். என் மேசையில நின்னுபோச்சே, நீ பக்கத்துலதானே இருந்த?"

ஒட்டகம் தேநீர்க் கோப்பைக்குள் கரண்டியை விட்டுக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. கலக்கிக்கொண்டே இருந்தார்.

"சரி, முடிச்சிடலாம்" என்றார் மேலாளர்.

3

இப்போது என் ஐயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு கதையில் ஒருவர் கரைந்துபோன சர்க்கரையைக் கலக்கினால் அவர்தான் வில்லன். எனவே ஒட்டகத்தை வில்லனாக்குவதென்று தீர்மானித்தேன். அவர் எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்தவர் அல்லர். கதையின் தேவைக்காக வரவழைத்தேன். கீழே உள்ள பகுதி முழுக்கக் கற்பனை:

கதவு தட்டும் ஓசை கேட்டது. திறந்தேன். வாசலில் ஒட்டகம். வழக்கமாக முதுகில் தொங்கும் பையை அன்று கையில் பிடித்திருந்தார்.

"உங்க பொண்ணு இருக்காங்களா சார்?"

"இல்ல. கடைக்குப் போயிருக்கா."

"பரவாயில்ல சார். உங்ககிட்ட சொன்னாலும் சரிதான். நான் வந்தது எதுக்குன்னா, அன்னைக்கு மீட்டிங்ல நான்—"

"நில்லுங்க" என்றேன்.

நின்றார்.

[இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். வில்லனைப் பேசவிட்டால் அவன் நியாயம் பேச ஆரம்பிப்பான். வாசகர்கள் இளகிய மனத்தினர். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுவாய் வந்துவிட்டது, பயனிலை வரவில்லை. என் வாழ்நாளில் அரைகுறை வாக்கியம் ஒன்றை நானே வேண்டுமென்று விட்டுவைத்தது இதுவே முதல்முறை. கோபத்துக்குக் கண் இல்லை.]

என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி முதலில் வாய் திறந்தாள்.

"ஏங்க, வந்தவரை வாசல்லயே நிக்க வெச்சிருக்கீங்க. கதையிலயும் இதே குணமா?"

"அவர் கற்பனையாக வந்தவர்."

"கற்பனையா வந்தாலும் ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா?"

"அவர் பெயரே ஒட்டகம். தாகம் எடுக்காது."

"ஒட்டகத்துக்கும் எடுக்கும். அது வெளியில சொல்லாது, அவ்வளவுதான்" என்றவள், போகிற போக்கில் இதையும் சொன்னாள்: "எதை வேணா எழுதுங்க. புள்ள வேலைக்கு உலை வெச்சிடாதீங்க."

4

புதன்கிழமை மாலை மகள் அலுவலகத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அதை அதன் இடத்தில் வைக்கவில்லை. அன்றும் அவள் மேசையில் கருவி நின்றுபோயிருக்கிறது; அவள் போய் ஆளைக் கூட்டிவருவதற்குள் யாரோ உதவி செய்கிறேன் பேர்வழி என்று பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டார்களாம்.

மேலே உள்ள மூன்று பிரிவுகளையும் அவளிடம் கொடுத்தேன். சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் முகம் சுளித்தாள். எந்தெந்த இடம் என்று நான் எட்டிப் பார்த்தது உண்மை.

"இவனை ஏம்ப்பா இழுக்குறீங்க?"

"சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் திறக்காதவனை வேறு என்ன செய்வது?"

"வாய் திறக்கலைங்கறதுக்காக வில்லனா? நம்ம வீட்டுல பாதி சொந்தக்காரங்க வில்லன்தான் அப்போ." தாளைப் புரட்டினாள். "சரி, பையை ஏன் கையில பிடிச்சிருக்கான்?"

"அது ஓர் உத்தி. எதையோ மறைத்து வருகிறவன் பையைக் கண்ணில் படும்படி பிடித்திருப்பான். வாசகருக்கு ஐயம் வரும்."

"உள்ள என்ன இருக்கு?"

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் யோசித்திருக்கவில்லை. பையைக் கொடுத்தேனே தவிர, அதில் எதையும் போடவில்லை. இதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், "நீயே சொல்லேன்" என்றேன்.

"அவன் பையில என்ன இருக்கும்? ஊருல இருக்கற அடாப்டர் எல்லாம் இருக்கும். கடன் வாங்குவான், திருப்பிக் குடுக்க மாட்டான். என்னோடதுகூட அவன்கிட்ட—"

நிறுத்தினாள். இந்த வாக்கியத்தை நான் வெட்டவில்லை, அவளாகவே நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"என்னோட அடாப்டர் அவன்கிட்ட இருக்கு" என்றாள், மிக மெதுவாக, யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிறவளைப் போல. "என் மேசையில மட்டும் மெஷின் பேட்டரியில ஓடுது. சாயங்காலம் பக்கத்து மேசையில சார்ஜ் போட்டுட்டு வந்துடுவேன். பகல் முழுக்க பேட்டரி. மத்த எல்லாரும் கரண்ட்ல போட்டுட்டுதான் ரீபூட் பண்ணுவாங்க."

"ஏன்?"

"அதான் ரூல். அப்டேட், ரீபூட் எது பண்றதுக்கு முன்னாடியும் மின் இணைப்பில் பொருத்தவும். முதல் வரியே அதுதான். பாதியில சார்ஜ் போயிடக் கூடாதுல்ல." எழுந்து நின்றாள். "எட்டிப் பார்க்கற பெட்டியும் அப்படித்தான். அதோட தாங்கியில மெஷினை உட்கார வெச்சா தாங்கியே கரண்ட் குடுக்கும்."

சோதிப்பவர்கள் அனைவரும் விதிப்படி சோதித்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் விதியை மீறியது இவள் ஒருத்தி. அதுவும் அடாப்டரைக் கடன் கொடுத்த பாவத்தால். மருத்துவமனையில் விதி என்ன செய்யும்? நோயாளியை ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கருவி பேட்டரியில்தான் ஓடும்.

"அப்போ மீட்டிங்ல?" என்றேன்.

அவள் பதில் சொல்லுமுன் எனக்கே விடை தெரிந்துவிட்டது. இரண்டாம் பிரிவுக்குப் போய், "வயர்களைப் பொருத்திக்கொடுத்தார்" என்று நானே எழுதிய வரியைப் பாருங்கள். அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய உரையாடல் இது. மகளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது:

"உன் அடாப்டர் என்கிட்டதான் இருக்கு, இரு" என்று ஒட்டகம் பையிலிருந்து அதை எடுத்துச் சொருகினார். கூட்டம் முடிந்ததும் சுருட்டித் தம் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

5

வியாழக்கிழமை நிகழ்ந்ததை எழுத நான் தகுதியற்றவன். அவள் தொலைபேசியில் சொன்னதையும், மாலையில் வந்து சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். குற்றம் இருந்தால் என்னுடையது.

எட்டிப் பார்க்கும் பெட்டியின் தாங்கியில் மின்சாரம் தரும் முனைமீது ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினாள். இப்போது பெட்டியால் பார்க்க முடியும், மின்சாரம் கொடுக்க முடியாது. கருவியைப் பேட்டரியில் ஓடவிட்டு ரீபூட் செய்தாள். நின்றது. தொடங்கவில்லை. பெட்டி வழியாக இரண்டு கோர்களுக்குள்ளும் பார்த்தாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பேயைப் பற்றிப் பேசியவரும் வந்து குனிந்து பார்த்தாராம். இம்முறை அவர் மேசைக்கு அடியில் பார்க்கவில்லை.

"உள்ளே என்னதான் தெரிந்தது?" என்று மாலையில் கேட்டேன்.

"எளிமையா சொல்றேன். ரீபூட் சொன்னதும் முதல் கோர், இரண்டாவது கோரைப் பார்த்து 'நில்'னு சொல்லும். எந்த வேலையில இருந்தாலும் அது அப்படியே நிக்கணும். நின்னுடும். சரியா?"

"சரி."

"அதுக்கப்புறம் முதல் கோர் பவர் சிப்கிட்ட போய், 'கரண்டை ஒரு தடவை அணைச்சுப் போடு'ன்னு சொல்லணும். அந்தச் சிப்கிட்ட ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். அதுக்கு ஒரு பூட்டு இருக்கு. சாவி வாங்கினவங்க உள்ள போய்ப் பேசிட்டு, வெளியில வந்து சாவியைத் திருப்பி வைக்கணும். பேட்டரியில ஓடும்போது இரண்டாவது கோர் ஓயாம உள்ள போயி, 'எவ்வளவு மிச்சம், எவ்வளவு மிச்சம்'னு சிப்பைக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"கையில் சாவியோடு."

"கையில சாவியோட. அந்த நேரம் பார்த்து 'நில்'னு குரல் வந்தா?"

எங்கள் பள்ளியைக் கண்முன் கொண்டுவந்து பார்த்தேன். தலைமையாசிரியர் பள்ளியை மூட வேண்டும். "எல்லோரும் அவரவர் இடத்தில் நில்லுங்கள்" என்று ஆணையிடுகிறார். உதவி ஆசிரியர் வாயிற்கதவின் சாவியை எடுத்துக்கொண்டு நடைவழியில் வந்துகொண்டிருக்கிறார். ஆணையைக் கேட்டதும் அங்கேயே நின்றுவிடுகிறார். தலைமையாசிரியர் வாயிற்கதவருகே போய்ச் சாவிக்காகக் காத்திருக்கிறார். இவர் வரமாட்டார், நிற்கச் சொன்னது அவர். அவர் போகமாட்டார், சாவி இவரிடம். அப்படியே பொழுது சாய்கிறது.

"இரண்டாவது கோர் தொங்கிப்போச்சுன்னு எல்லாரும் அதையே திட்டினோம்" என்றாள். "பாவம், அது சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. தொங்கினது முதல் கோர்தான். நிக்கச் சொன்ன ஆளே தொங்கிட்டார்."

"இதை எப்படிச் சரிசெய்தாய்?"

"சாவி கையில இருக்கற வரைக்கும் 'நில்'ங்கற குரல் காதுல விழாத மாதிரி பண்ணிட்டேன். வேலையை முடிச்சு, சாவியை வெச்ச பிறகுதான் கேட்கும். அப்ப நின்னா யாருக்கும் இடைஞ்சல் இல்ல. சின்னத் திருத்தம்தான். ஆனா அது இருக்கற இடம்..."

இடம் எது என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பவர் சிப்புக்கான நிரலில். ஒட்டகம் எழுதிய நிரலில்.

[அவள் கைகழுவப் போனபோது மூன்றாம் பிரிவை எடுத்துப் படித்தேன். வாசலில் ஒருவர். கையில் ஒரு பை. வாயில் பாதி வாக்கியம். "நில்லுங்க" என்றேன், நின்றார். என் கதை அதற்கப்பால் நகராததன் காரணம் புரிந்தது.]

6

கருவிகளின் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. என் மகள் குழுவில் இருக்கிறாள். அவள் சொன்னது மெய் என்று மேலாளரே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். இங்கே நான் "முற்றும்" போட்டிருக்கலாம். போடவிடாமல் செய்தது, இன்று மாலை வந்த மேலாளரின் அழைப்பு. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள்; நானும் கேட்டேன்.

"ரிப்போர்ட் பார்த்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு வரிதான் குறையுது. அன்னைக்கு மீட்டிங்ல அந்தக் கோளாறு ஏன் வரலை?"

"அடாப்டர் சொருகியிருந்தது சார்."

"யார் சொருகினது?"

மகள் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"யார்னு எனக்குத் தெரியும். நானும் அங்கதான இருந்தேன். அவர் எழுதின கோட், அவர் கொண்டுவந்த அடாப்டர். தற்செயலா, இல்ல மறைச்சதா? நீங்கதான் அவர்கூட வேலை செய்யறீங்க, உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வரி எழுதிடுங்க. காலையில மீட்டிங்குக்கு முன்னாடி. முடிச்சிடலாம்."

எதை முடித்துவிடலாம் என்பதை அவர் விளக்கவில்லை. "மறைத்தார்" என்று எழுதினால் ஒட்டகத்தின் வேலை போகும். மறைக்காத ஒருவரைப் பற்றி அப்படி எழுதினால், திங்கட்கிழமை இவளுக்கு நடந்ததை இவளே இன்னொருவருக்குச் செய்தவள் ஆவாள். "தற்செயல்" என்று எழுதி, அவர் உண்மையில் மறைத்திருந்தால், அடுத்த கருவியின் நிரலும் அதே கைகள் வழியாகத்தான் ஒரு கட்டிலருகே போகும்.

மகள் ஒட்டகத்துக்குப் போன் செய்தாள். நான் அடுத்த அறைக்குப் போகவில்லை. நாளேட்டை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"டேய், ஒண்ணு கேட்கணும். நேரா சொல்லிடு. அன்னைக்கு அடாப்டரைச் சொருகும்போது உனக்குத் தெரியுமா?"

அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் "ம்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"'நீ என்ன நினைக்கிறியோ, அதையே எழுது'ன்னான்."

குற்றவாளி இப்படித்தான் பேசுவான். நண்பரே சந்தேகித்த நிரபராதியும் இப்படித்தான் பேசுவான். மாணவர்களின் முகங்களைப் படித்தே காலத்தைத் தள்ளியவன் நான். இந்த வாக்கியத்தை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவருக்கு எதிரானவை: தவறு அவருடையது. என் மகளின் மேசையில் கருவி நின்றதை அவர் கண்ணால் கண்டவர், கேட்டபோது சொல்லவில்லை. அடாப்டரைக் கொண்டுவந்து சொருகியவர் அவர். கூட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனவரும் அவர்.

அவருக்கு ஆதரவானவை: கோளாறு வெளிப்பட்டதே அவர் அடாப்டரைக் கடன் வாங்கியதால்தான். மறைக்க நினைப்பவன் முதலில் அதை வாங்கியிருக்கவே மாட்டான். விதியின் முதல் வரி மின் இணைப்பில் பொருத்தச் சொல்கிறது; பொருத்தினார். எல்லோரிடமிருந்தும் கடன் வாங்குகிறவர், எவருக்கும் திருப்பிக் கொடுக்காதவர். பழக்கத்துக்கு உள்நோக்கம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

"நீங்கதானப்பா அவனை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கீங்க" என்றாள் மகள். கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். செய்யவில்லை. "அவன் ஏதோ சொல்ல வந்தான். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுப் பார்த்தேன்.

முடிவு, முதல் முயற்சி: "அன்னைக்கு மீட்டிங்ல நான் செய்தது மாபெரும் தவறு ஐயா. என் பிழை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தால், தெரிந்தே அடாப்டரைப் பொருத்தினேன்" என்று தலைகவிழ்ந்தார். [அடித்துவிட்டேன். வாக்கியத்தின் தொடக்கம் அவருடையது, மிச்சம் என்னுடையது. இவ்வளவு ஒழுங்காக அவர் பேசுவாரா? என் ஐயத்துக்கு அவர் குரலை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.]

முடிவு, இரண்டாம் முயற்சி: "அன்னைக்கு மீட்டிங்ல நான் வாயைத் திறக்காம இருந்தது தப்பு சார். எல்லாரும் சிரிக்கும்போது எனக்குப் பயமாயிடுச்சு. மத்தபடி அடாப்டர் விஷயம் சத்தியமா எனக்குத்—" [இதையும் அடித்துவிட்டேன். படிக்கும்போதே அவரை மன்னித்துவிட்டேன். மன்னிப்பு சான்று ஆகாது.]

முடிவு, மூன்றாம் முயற்சி. என் மனைவியுடையது: "அவரை உள்ள கூப்பிட்டு உட்கார வைங்க. டீ குடுங்க. சர்க்கரையை அவரே போட்டுக்கட்டும். பேசுவார்." [அடிக்கவில்லை. ஆனால் இது முடிவும் அன்று.]

இதற்குமேல் என்னால் இயலாது. அவரை நிற்கச் சொன்னவன் நான். நான் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து என் சொற்களே வருகின்றன. எனக்குத் தேவையான சொற்களோ அவரிடம் இருக்கின்றன. மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அறிக்கை திறந்திருக்கிறது. அந்த ஒரு வரிக்கான இடத்தில் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள்.

7

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, "பாவம், நல்ல அப்பா" என்றோ, "ஒட்டகம் அப்படிப்பட்டவன்தான்" என்றோ சொல்லிக்கொண்டு எழுந்து போகலாம் என்று நினைக்கிற உங்களைத்தான் அழைக்கிறேன். ஆம், உங்களை. அந்தக் கூட்டத்தில் நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். பேய் வாடகைக்கு இருப்பதாக அவர் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை என்று எனக்கு என்ன நிச்சயம்?

எழுந்து வாசலுக்குப் போங்கள். கதவு தாழிடப்படவில்லை. அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். பை கனக்கிறது, கை மாற்றிக்கொள்ளக்கூட நான் அனுமதிக்கவில்லை. முதலில் தண்ணீர் கொடுங்கள். நான் "நில்லுங்க" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பிறகு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

கேட்டதை இந்த வரியின் மிச்சமாக எழுதுங்கள்:

"நான் வந்தது எதுக்குன்னா, அன்னைக்கு மீட்டிங்ல நான்

காலைக் கூட்டத்துக்கு முன் எனக்கு வேண்டும். பயனிலையோடு வேண்டும். "இருக்கலாம்" என்று முடிக்கிறவரின் தாளை நான் திருத்த மாட்டேன். என் மகளிடம் காட்டவும் மாட்டேன்.